சிறுநகர ஹோட்டல்களின் தோற்றமும் வளர்ச்சியும்: மேசையடுக்கு முறையில் ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பேரூராட்சி, நகராட்சி என்ற சட்டத் தகுதி இல்லாத ஓர் ஊரை நகரமென்று ஒப்புக்கொள்ள, இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மூன்று அளவுகோல்கள் வைத்திருக்கிறது. குறைந்தது 5,000 பேர் குடியிருக்க வேண்டும். உழைக்கும் ஆண்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழில் பார்க்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது நெருக்கியடித்து வாழ வேண்டும். மூன்றும் எண்ணிப் பார்க்கக் கூடியவை; அரசுக்குப் பிடித்திருப்பதும் அதனால்தான். நான்காவதாக ஒன்று உண்டு, அதைத் துறை இன்னும் கவனிக்கவில்லை. இரவு ஏழு மணிக்கு மேல் அந்த ஊரில் வந்து இறங்கும் அசலூர்க்காரருக்கு உட்கார ஓரிடமும் சூடாக ஒரு தோசையும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், ஐயாயிரம் பேர் இருந்தாலும் அது பெரிய கிராமம்தான்.

பெண் பார்க்க வருபவர், தேர்தல் பணிக்கு வரும் ஆசிரியர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, பத்திரம் பதிய வருபவர் ஆகிய யாரும் மக்களடர்த்தியை விசாரிப்பதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும், "இங்க நல்ல ஹோட்டல் எதுங்க?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கப்பட்டவர் யோசிக்கத் தொடங்கினால் அது கிராமம். யோசிக்காமல் கையை நீட்டினால் சிறுநகரம். "எந்த மாதிரி வேணும்?" என்று திருப்பிக் கேட்டால் மாவட்டத் தலைநகரம். இந்த எளிய சோதனைக்குச் செலவும் கிடையாது, பத்தாண்டு காத்திருக்கவும் வேண்டாம்.

இவ்வளவு அடிப்படையான நிறுவனத்துக்கு வரலாறு எழுதப்படவில்லை. கோயிலுக்குத் தலபுராணம் இருக்கிறது. அதே கோயிலின் எதிரே, பக்தர்கள் அனைவரும் சாப்பிட்ட ஹோட்டலுக்குத் தேங்காய் மூடி வாங்கிய கணக்குக்கூட மிஞ்சவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை.

2. சான்றுகளும் முறையியலும்

முதன்மைச் சான்றுகள் மூன்று வகைப்படும்: கல்லாவுக்கு மேலே மாலையுடன் தொங்கும் நிறுவனர் படம், சுவரில் எழுதப்பட்ட அறிவிப்புகள், சமையல்கட்டிலிருந்து வரும் வாசனை. துணைமைச் சான்று, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்காமலே பேசும் பெரியவர். "முன்னாடி இருந்த டேஸ்ட் இப்ப இல்ல" என்பது அவருடைய நிலையான கூற்று. எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் அதையே சொல்லியிருப்பதால் இதை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளாமல் வாழ்த்துரையாகக் கொள்க. களஆய்வில் திரட்டிய பொருள்சார் சான்றுகளைப் பின்னிணைப்பாகத் தர எண்ணியிருந்தோம். அவை அவ்வப்போதே உண்ணப்பட்டுவிட்டன.

காலவரையறைக்கு நாணயமோ மட்பாண்டமோ பயன்படாது. ஹோட்டலில் நாணயம் தங்குவதில்லை. பாத்திரம் ஈயம் பூசிப் பூசி வயது மறைந்துபோகிறது. எனவே மேசையின் மேற்பரப்பைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் புது முறையை இங்கு முன்வைக்கிறோம். அதன் விவரம் ஐந்தாம் பகுதியில்.

3. தொல்பழங்காலம்: உணவு உண்டு, உட்கார இடமில்லை

தமிழருக்கு ஹோட்டல் தொன்றுதொட்டே இருந்தது என்று நிறுவ விரும்புவோர் கூவியரைக் காட்டுவார்கள். அப்பம் சுட்டு விற்ற கூவியரைச் சிலப்பதிகாரமும் மதுரைக்காஞ்சியும் குறிப்பிடுகின்றன. மதுரையில் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் இருந்தன. விற்பனை நடந்திருக்கிறது, மறுப்பில்லை. வாங்கியவர் எங்கே உட்கார்ந்து தின்றார் என்பதற்குத்தான் சான்றில்லை. இன்றைய வழக்கில் சொன்னால், சங்க கால மதுரையில் பார்சல் மட்டும் இருந்தது.

வலுவான எதிர்ச்சான்று கோவலனிடம் கிடைக்கிறது. புகாரிலிருந்து கால்கடுக்க நடந்து பாண்டியர் தலைநகரை அடைந்தவன், பசிக்கு ஒரு கடையைத் தேடிப் போகவில்லை. மாதரி என்னும் இடையர்குலப் பெண் அடைக்கலம் தந்த இடத்தில், கண்ணகி காய் அரிந்து சமைத்துப் போட்ட சோற்றை இலையில் உண்டுவிட்டுத்தான் சிலம்பு விற்கக் கிளம்பினான். அவ்வளவு பெரிய நகரில் ஹோட்டல் ஒன்று இருந்திருந்தால், வணிகன் மகனான அவன் அதைத் தவறவிட்டிருப்பானா?

இருந்திருந்தாலும் அவனுக்குக் கிடைத்திருக்கக் கூடியது கொஞ்சம்தான். மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்; போர்த்துகீசியர் வந்த பிறகே இம்மண்ணை மிதித்தவை. ஆகவே மசால் தோசை இல்லை, காரச் சட்னி இல்லை, தக்காளி ரசம் இல்லை, காபி இல்லவே இல்லை. பெயர் தெரிந்த இட்லிக்கும் பழைய சான்று கன்னடத்திலிருந்துதான் வருகிறது. பத்தாம் நூற்றாண்டு நூலான வட்டாராதனையில் அது இருக்கிறது. தோசை விஜயநகரக் காலக் கோயில் கல்வெட்டுகளில் நைவேத்தியமாகத் தென்படுகிறது. சாமிக்குப் படைத்தார்கள்; ஆசாமிக்கு விற்றதாகத் தெரியவில்லை.

விற்காததற்குக் காரணம் இருந்தது. சோற்றை விலைக்கு விற்பது கேவலமென்று கருதிய சமூகம் இது. பயணம் போனவர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டார். தீர்ந்தபோது சத்திரத்தில் உண்டார். மதுரை மங்கம்மாள் சத்திரமும் ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரமும் அரச குலத்தார் ஆதரவில் நின்றவை. சத்திரத்தில் பில் கிடையாது. பில் இல்லாத இடத்தில் "சட்னி இன்னும் கொஞ்சம்" என்று அதட்டும் உரிமையும் கிடையாது. காசு கொடுத்துச் சாப்பிடத் தொடங்கிய நாளில்தான் தமிழன் சாப்பாட்டைக் குறை சொல்லும் சுதந்திரத்தைப் பெற்றான் என்க.

4. வாய்தாவின் பொருளாதாரம்

ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856இல் ரயில் ஓடியது. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்குள் தண்டவாளம் தெற்கெங்கும் பரவியது. ரயில் நின்ற ஊரில் தாலுகா அலுவலகமும் முன்சீப் கோர்ட்டும் வந்தன. காபி கிளப் அவற்றைத் தொடர்ந்து வந்தது. இந்த வரிசை முக்கியமானது. ரயிலில் வந்து இறங்கியவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அவரை நம்பிக் கடை வைக்க முடியாது. கோர்ட்டுக்கு வந்தவர் திரும்பத் திரும்ப வருவார்.

வரப்புத் தகராறு ஒன்று வழக்கானால் வாதி, பிரதிவாதி, இரு தரப்புச் சாட்சிகள், சாட்சிகள் தப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளும் உறவினர்கள் எனக் குறைந்தது பத்துப் பேர் காலை வண்டியில் வந்து சேர்வார்கள். வழக்கு விசாரணைக்கு எடுக்கப்படாது, வாய்தா போடப்படும். பத்துப் பேரும் டிபன் சாப்பிட்டு ஊர் திரும்புவார்கள். அடுத்த மாதம் மறுபடி வருவார்கள். நீதி தாமதமாவது அநீதி என்று சட்டம் படித்தவர்கள் சொல்வதுண்டு. அந்தத் தாமதம் எத்தனை உளுந்து மூட்டைகளை நகர்த்தியது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சாட்சியைச் சாம்பார் வடையால் உறுதிப்படுத்துவது தமிழகச் சிறுநகரங்களின் பழைய சட்ட நடைமுறை.

காபி வந்த கதையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று தலைப்பிட்டே ஆ. இரா. வேங்கடாசலபதி நூல் எழுதியிருக்கிறார். நீராகாரம் குடித்த வாய் ஒரு தலைமுறைக்குள் காபிக்கு மாறியது, பத்திரிகைகள் கவலைப்பட்டன, கவலைப்பட்டவர்கள் காபி குடித்துக்கொண்டே கவலைப்பட்டார்கள். நம் ஆய்வுக்குத் தேவையானது ஒன்றே: காபி குடிக்க வந்தவர் உடனே எழுந்து போவதில்லை. காபி ஆற வேண்டும். ஆறும்வரை பேச்சு நடக்கும். உட்காரும் இடம் என்ற பொருள் அப்போதுதான் வணிகத்துக்குள் நுழைந்தது.

சைவத் தரப்பில் உடுப்பியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் சமையற்காரர்கள் ஊர் ஊராகப் பெயர்ந்தார்கள். அசைவத் தரப்பின் பெயர்ச்சி இன்னும் சுவையானது. மதுரை மாவட்டத்து வடக்கம்பட்டியைச் சேர்ந்த ஒருவர், தம் ஊர்க் காவல்தெய்வமான முனியாண்டியின் பெயரில் 1930களில் காரைக்குடியில் ஒரு கடை வைத்தார். ஓடியது. ஊர்க்காரர்களும் உறவினர்களும் அதே பெயரில் வெவ்வேறு ஊர்களில் கடை போட்டார்கள். முனியாண்டி விலாஸ் இல்லாத பஸ் நிலையம் அரிதானது. இன்றும் ஆண்டுதோறும் உரிமையாளர்கள் வடக்கம்பட்டியில் கூடிச் சாமிக்குக் கிடா வெட்டி, பிரியாணியைப் பிரசாதமாக வழங்குகிறார்கள். மேலாண்மைக் கல்லூரிகள் கிளை உரிமம் பற்றிப் பாடம் நடத்துகின்றன. ஒப்பந்தப் பத்திரமில்லாமல், தலைமை அலுவலகமாக ஒரு கோயிலை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை கிளை பரப்பிய நிறுவனத்தை அந்தப் பாடங்களில் எங்கும் காணோம்.

5. மேசையடுக்கு முறை

அகழாய்வில் மேலடுக்கு புதியது, கீழடுக்கு பழையது. ஹோட்டலில் மேசை மாறும்போது பழையது பின்கட்டுக்குப் போய், அங்கே காய் நறுக்கும் பலகையாகிறது. ஆகவே ஹோட்டலில் காலம் மேலிருந்து கீழாகச் செல்வதில்லை. வாசலிலிருந்து கொல்லைப்புறமாகச் செல்கிறது. கொல்லைவரை போக அனுமதி பெற்ற ஆய்வாளருக்குக் கீழ்க்காணும் அடுக்குகள் புலப்படும்.

தரையடுக்கு: மணைப் பலகையும் இலையும். உண்போர் பந்தியாக அமர்ந்தனர். இங்கே ஹோட்டல் இன்னும் வீட்டைப் பார்த்தே நடந்துகொண்டது; வீட்டில் இருந்த அத்தனை வேலிகளும் இங்கும் இருந்தன.

நீள்பலகையடுக்கு: ஒடுங்கிய நீண்ட மேசை, ஒரு பக்கம் மட்டும் பெஞ்ச். எல்லோரும் ஒரே திசை நோக்கி உண்டனர். எதிரில் இருப்பது முன்வரிசைக்காரரின் முதுகு. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

மார்பிள் அடுக்கு: மரச்சட்டத்தில் பதித்த வெள்ளைக் கல், நான்கு புறம் நான்கு நாற்காலி. வரலாற்றில் முதன்முறையாக முன்பின் தெரியாத நான்கு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உண்ண நேர்ந்தது.

சன்மைக்கா அடுக்கு: மேசை இலேசானது, நிறம் வந்தது. ஹாலின் கோடியில் ஒட்டுப்பலகைத் தடுப்பும் அரைக்கதவும் வைத்துக் 'குடும்ப அறை' தோன்றியது. ஹோட்டலில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியதற்கு இந்தத் தடுப்பே தொல்லியல் சான்று. அவர்கள் உள்ளே வந்தார்கள், ஆனால் ஊர் அவர்களைப் பார்க்கவில்லை.

கிரானைட் அடுக்கு: கருங்கல் பளபளப்பு. கூடவே ஏ.சி. ஹால். ஒரே அடுப்பில் வெந்த இட்லி கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் விலை கூடியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அரசும் இத்தத்துவத்தை ஏற்று, ஏ.சி. உள்ள உணவகத்துக்கு 18 விழுக்காடும் இல்லாததற்கு 12 விழுக்காடும் வரி விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டும் 5 விழுக்காடாயின. ஜி.எஸ்.டி.யில் காற்றின் வெப்பநிலைக்கேற்ப இட்லிக்கு வரி இருந்தது நான்கரை மாதம்தான்.

இந்த அடுக்குகளில் மார்பிள் அடுக்கு மற்றவற்றைப் போன்றதன்று என்பதை ஆய்வாளர் உணர வேண்டும். நான்கு நாற்காலி போட்டதால் மட்டும் நான்கு பேர் உட்கார்ந்துவிடவில்லை. 'பிராமணாள் காபி கிளப்' என்ற பலகைகள் வாசலில் தொங்கின. தென்னிந்திய ரயில்வேயின் உணவுக்கூடங்களில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்தது. பெரியார் தரப்பின் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை நீங்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் 15ஆம் பிரிவில், சாதி, மதம், பால் காரணமாகக் கடைகளுக்குள்ளும் பொது உணவகங்களுக்குள்ளும் யாரையும் தடுக்கக் கூடாதென்று பெயர் சொல்லியே எழுதியது. நாட்டின் தலையாய சட்டம் ஹோட்டலைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது என்றால், சட்டத்தின் பெருமையைவிட ஹோட்டலின் நிலைமையையே அது காட்டுகிறது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 'பிராமணாள்' பலகையை இறக்க, 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு கபே முன்பு மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்கும் வெகுகாலம் பிறகுவரை இருந்தது. நகைச்சுவைக் கட்டுரையில் இந்தப் பத்திக்கு இடமுண்டா என்று கேட்பவர், இது இல்லாமல் ஹோட்டல் வரலாறு எழுதுவது தேங்காய்ச் சட்னிக்குப் பொட்டுக்கடலையை மட்டும் அரைப்பது போலாகும் என்பதை அறிக.

6. சமையல்கட்டின் இயற்பியல்

இரவுத் தோசை எப்போது சாத்தியமாயிற்று? ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிய காலத்தில் காலை இட்லிக்கு வேண்டிய மாவை அரைப்பதற்குள் மாவாட்டுபவரின் தோள் இறங்கிவிடும். 1950களில் கோயம்புத்தூரில் மின் கிரைண்டர் உருவானது. கல் தானே சுழன்றதும் மாவுக்கு முடிவில்லாமல் போயிற்று. தோசை காலையிலிருந்து இரவுக்கும் நீண்டது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் பிற்காலத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் தப்பிய தோள்களுக்கு எந்தக் குறியீடும் கிடைக்கவில்லை.

பரோட்டாவின் எழுச்சி வேறு கணக்கு. அரிசி அரிதாகவும் கோதுமை கப்பலிலும் வந்த காலம் அது. அமெரிக்கக் கோதுமைக்கான பி.எல்.480 ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானது. 1965இல் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவைத் துறக்கச் சொன்னபோது, திங்கள் இரவுகளில் ஹோட்டல்கள் மூடிக் கிடந்தன. இத்தகைய காலத்தில் மைதா மெல்ல மேசையேறியது. பர்மாவிலிருந்து திரும்பியோரின் கைப்பக்குவமும் சேர்ந்து, விருதுநகரில் பரோட்டா எண்ணெயில் பொரிந்தது. செங்கோட்டைப் பக்கம் அது கோழியுடன் கூடியது. கல்லில் மாவை வீசியடிக்கும் ஓசையே விளம்பரம் என்பதால், பரோட்டா மாஸ்டரை வாசலில் நிறுத்தினார்கள். சாம்பார் வைப்பவரை யாரும் வாசலில் நிறுத்தியதில்லை என்பதைக் காண்க.

ஹோட்டல் இயற்பியலில் இரண்டு விதிகள் நிறுவப்பட்டுள்ளன.

சாம்பார் நீர்மை விதி: சாம்பாரின் அடர்த்தி, கடை திறந்து கழிந்த நேரத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். காலை ஆறு மணிக்குப் பருப்பு தெரியும். எட்டரைக்குக் காய் தெரியும். பத்து மணிக்கு வாளியின் அடி தெரியும். அதற்கு மேல் வருபவருக்கு மதியச் சாப்பாட்டுச் சாம்பார் தயாராகிவிடுவதால், ஒரு நாளில் சாம்பார் இருமுறை பிறக்கிறது.

பண்டம் அழியாமை விதி: ஹோட்டலில் எந்தப் பண்டமும் அழிவதில்லை, உருமாறுகிறது. காலையில் மெதுவடையாக இருந்தது பதினோரு மணிக்குச் சாம்பார் வடையாகி, மாலையில் தயிர் வடையாக மோட்சமடையும். மீந்த இட்லி உப்புமாவாகும். மீந்த பரோட்டா கொத்துப் பரோட்டாவாகும். அதன் ஓசை பழைய பரோட்டாவின் வயதை மறைக்கும் அளவுக்குப் பலமாக இருக்கும். கொத்துப் பரோட்டாவைக் கண்டுபிடித்தவர் யாரென்று வரலாறு பதிவுசெய்யவில்லை. முதல்நாள் கணக்குப் பார்த்த முதலாளி ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

7. சுவரெழுத்தும் வாய்மொழியும்

சிறுநகர ஹோட்டலின் கல்வெட்டுகள் பெயிண்டால் ஆனவை. பொருளால் மூவகை. கடன் சார்ந்தவை: 'இன்று ரொக்கம், நாளை கடன்', 'கடன் அன்பை முறிக்கும்'. ஒழுக்கம் சார்ந்தவை: 'இலையில் கை கழுவாதீர்', கைகழுவும் இடத்துக் கண்ணாடிக்கு மேல் 'தலை வாராதீர்'. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை வாராமல் திரும்பியவரை நாம் கண்டதில்லை. மூன்றாம் வகை அரசாங்கம் சார்ந்தது: 'அரசியல் பேசாதீர்கள்'. இக்கல்வெட்டுக்கு நேர் கீழே, முதலாளி காசு கொடுத்து வாங்கிப் போட்ட நாளிதழ்கள் கிடக்கும். கட்டளையையும் அதை மீறுவதற்கான கருவியையும் ஒரே கையால் வழங்கும் ஆட்சிமுறை இது.

வாசலில் 'மீல்ஸ் ரெடி' என்ற பலகை. அது சாய்ந்து நின்றால் சாப்பாடு ஆரம்பம். திரும்பி நின்றால் முடிந்தது. அளவுச் சாப்பாடு என்பது சாப்பிடுபவரின் வயிற்றின் மீது முதலாளி கொண்ட நம்பிக்கை. முழுச் சாப்பாடு என்பது இரு தரப்பாருக்குமிடையே நடக்கும் பந்தயம்.

வாய்மொழி இலக்கியத்தில் முதன்மையானது சர்வர் ஒப்பிக்கும் பட்டியல். "என்ன இருக்கு?" என்று கேட்டால் மூச்சு விடாமல், "இட்லி பொங்கல் வடை பூரி தோசை ரோஸ்ட் ஊத்தப்பம் ரவா வெங்காய ரவா..." என்று வரும். வாடிக்கையாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு இட்லி" என்பார். இருவருக்குமே இது முன்கூட்டித் தெரியும். ஆனாலும் பட்டியலைச் சொல்லாமல் விட்டால் வாடிக்கையாளர் தம்மை மதிக்கவில்லையென்று வருந்துவார்.

அடுத்தது பில். காகிதத்தில் எழுதும் வழக்கம் வருவதற்கு முன் சர்வர் மனத்தில் கூட்டி, கை துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடப்பவரின் முதுகைப் பார்த்து, "கட்டம் போட்ட சட்டை நாப்பத்தஞ்சு!" என்று கல்லாவுக்குக் குரல் கொடுப்பார். ஊரே தெரிந்துகொள்ளும்படி ஒருவரின் காலைச் செலவு அறிவிக்கப்பட்டது. நாப்பத்தஞ்சுக்குச் சாப்பிட்டவர் மறுநாள் கைமாற்றுக் கேட்டால் கிடைக்காது. இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளும் தமிழரின் அடக்கத்துக்கு இந்த முறையே காரணமென்பது எம் கருதுகோள்.

8. ஊர்ப்பெயர்ப் பெயர்ச்சி

ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய பண்டம், அவ்வூரை விட்டு விலகும் தொலைவுக்கேற்ப அதன் பெயர்ப்பலகை பெரிதாகும். இது எம் முதன்மையான கண்டுபிடிப்பு. ஆம்பூரில் அதன் பெயர் பிரியாணி. சென்னையில்தான் ஆம்பூர் பிரியாணி. கும்பகோணத்தில் பழைய கடையில் போய் உட்கார்ந்தால் காபி வரும். 'கும்பகோணம் டிகிரி காபி' வேண்டுமென்றால் சென்னை–திருச்சி நெடுஞ்சாலைக்குத்தான் போக வேண்டும். பித்தளை டபரா பளபளக்க, பலகை நெடுந்தொலைவிலேயே தெரியும். திண்டுக்கல்லில் தலைப்பாகை கட்டிய ஒருவர் 1957இல் தொடங்கிய பிரியாணிக் கடை இன்று வெளிநாடுகளிலும் கிளை விரித்திருக்கிறது. தலைப்பாகையும் கடல் கடந்தது. மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே ரயில் ஜன்னல்கள் அந்தக் குறியீட்டை வழங்கிவிட்டன.

பண்டங்கள் இப்படி வெளியேற, பயணிகளும் வெளியே போனார்கள். நான்குவழிச் சாலைகள் ஊரைச் சுற்றிக்கொண்டு ஓடத் தொடங்கின. "பைபாஸ் பைபாஸ், ஊருக்குள்ள போகாது" என்று நடத்துநர் கூவும்போது ஒரு ஹோட்டலின் இரவு வியாபாரம் கழிகிறது. கோர்ட் வளாகமும் ஊருக்கு வெளியே புதுக்கட்டடத்துக்குப் பல ஊர்களில் இடம் மாறியது. வாய்தா தொடர்கிறது, சாம்பார் வடை தொடரவில்லை. முதலாளியின் மகன் பொறியாளராகி அசலூர் போய்விடுகிறார். தேர்த்தெரு முனையில் இருந்த பழைய ஹோட்டல், ஜவுளிக் கடையாகவோ செல்போன் கடையாகவோ மாறுகிறது.

மேசைக்கும் ஆபத்து வந்துவிட்டது. கையேந்தி பவனில் மேசையே கிடையாது. 2013இல் தொடங்கிய அம்மா உணவகம் சத்திரத்தின் மறுபிறவி; ஒரு ரூபாய் இட்லியை நின்றுகொண்டு உண்ணும் உயர மேசையை அது தந்தது. இப்போது செல்போனில் சொன்னால் சாப்பாடு வீட்டுக்கே வந்துவிடுகிறது. சட்னி சிந்தாமல் வருகிறது, சாம்பார் சூடாக வருகிறது. குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் வீட்டில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொந்தக்காரர். அவரும் நம் சாதிதான்.

9. முடிபு

இட்லி யாருடையது என்ற வழக்கு நடந்துகொண்டே இருக்கட்டும். மிளகாய் அமெரிக்காவினுடையது, மைதா ஆலையினுடையது, காபி உலகம் முழுவதற்கும் பொது. சிறுநகர ஹோட்டல் தன்னுடையதென்று உரிமை கோரத்தக்க பொருள் ஒன்றே: நான்கு பேர் உட்காரும் மேசை. பத்திர எழுத்தரும், மாட்டுத் தரகரும், பதவி உயர்வு கிடைக்காத தலைமையாசிரியரும், அவர்கள் மூவரும் வேறெங்கும் பக்கத்தில் உட்கார்ந்திராத நான்காமவரும், "உக்காரலாமா?" "உக்காருங்க" என்ற இரண்டு சொற்களில் அங்கே சமமானார்கள். இது தானாக நடந்ததில்லை. மறியல் நடந்தது, சட்டம் வந்தது, பலகை இறங்கியது. சாதியைத் தொலைத்துவிட்டதாக அந்த மேசை ஒருநாளும் பெருமையடித்ததில்லை. சாப்பிட்டு முடிக்கும் பதினைந்து நிமிடத்துக்கு அதைக் கல்லாவுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. பல பெரிய இயக்கங்களின் வெற்றிக்கணக்கை இந்தப் பதினைந்து நிமிடத்தோடு ஒப்பிட்டால் மேசை தோற்காது.

எனவே இவ்வாய்வின் பரிந்துரைகள் இரண்டு. முதலாவது, தொல்லியல் துறை பழைய மார்பிள் மேசைகளைக் கண்டறிந்து பாதுகாக்க வேண்டும். காட்சிக்கூடத்தில் வைக்காமல், மேலே இலை போட்டே பாதுகாக்க வேண்டும். இரண்டாவது, ஊருக்குள் போகும் வாசகர்கள் பார்சல் கேட்காமல் உட்கார்ந்து உண்ண வேண்டும். காலியாக இருக்கும் மேசையைத் தேடாமல், மூன்று பேர் இருக்கும் மேசையில் நான்காவதாக அமர வேண்டும். மேசை துடைக்கும் பையனுக்கு எந்த வரலாற்றிலும் பெயர் வரப்போவதில்லை என்பதால், மிச்சச் சில்லறையை அவனிடம் விட்டுவர வேண்டும்.

காபி குடித்தாகிவிட்டதென்றால் தயவுசெய்து எழுந்திருங்கள். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கிறார்.